வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள்: மைனர் திரெட் குழுவின் கதை

அனைவருக்கும் வணக்கம்.

ஹார்ட்கோர் பங்க் பற்றிப் பேசச் சொன்னார்கள். பங்க் என்பது ராக் இசையின் ஒரு முரட்டு வகை, ஹார்ட்கோர் அதிலேயே இன்னும் வேகமான, இன்னும் காட்டமான கிளை. அதன் முழு வரலாற்றையும் ஒரு மாலையில் சொல்லி முடிக்க முடியாது. ஒரே ஒரு குழுவை எடுத்து அதன் கதையை ஒழுங்காகச் சொன்னால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும் என்று நம்புகிறேன். நான் எடுத்துக்கொண்டிருப்பது மைனர் திரெட். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பள்ளிக்கூடம் முடித்தும் முடிக்காமலும் இருந்த நான்கு பையன்கள் தொடங்கிய குழு. 1980 டிசம்பரில் முதல் கச்சேரி, 1983 செப்டம்பரில் கடைசிக் கச்சேரி, நடுவில் சில மாதங்கள் குழுவே கலைந்து கிடந்தது. பெரிய கம்பெனி எதுவும் அவர்களுடைய இசைத்தட்டை வெளியிட்டதில்லை. ஆனால் இன்றைக்கு ஜகார்த்தாவிலும் சாவ் பாவ்லோவிலும் ஹார்ட்கோர் வாசிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும்.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்பார்கள், அதாவது குடியும் போதைப்பொருளும் வேண்டாம் என்று அவர்கள் பாட்டிலிருந்து கிளம்பிய கொள்கை. அது பாதிப் பதில்தான். எனக்கு இந்தக் கதை முழுவதும் ஒரு வாசலில் தொடங்குகிறது. இசை நடக்கிற இடத்தின் வாசல். அங்கே யாரை உள்ளே விடுகிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் மற்ற எல்லாமே வந்தது.

சரி, 1979க்குப் போவோம். வாஷிங்டன் அப்போது இசைக்குப் பேர் போன ஊர் என்று வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். அரசு அலுவலகங்களின் ஊர், அவ்வளவுதான். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு டபிள்யூஜிடிபி என்று ஒரு வானொலி நிலையம் இருந்தது. புது இசையையும் தீவிர அரசியலையும் ஒலிபரப்பிய அந்த நிலையத்தைப் பல்கலைக்கழக நிர்வாகமே மூடிவிட்டது. அதற்கு ஆதரவாக அந்த ஆண்டு பிப்ரவரியில் கிராம்ப்ஸ் என்ற குழு பல்கலைக்கழக வளாகத்தில் கச்சேரி செய்தது. பார்க்க வந்தவர்களில் 16 வயது இயன் மெக்காயும் ஒருவர். அவருடைய அப்பா வாஷிங்டன் போஸ்ட்டில் பத்திரிகையாளர். பையன் வில்சன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டு, நண்பன் ஹென்றி கார்ஃபீல்டுடன் ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டு திரிந்தவர். (இந்த ஹென்றிதான் பிறகு ஹென்றி ராலின்ஸ் ஆகி, பிளாக் ஃபிளாக் குழுவின் பாடகரானவர்.) அந்த இரவுக்குப் பிறகு இயனுக்குப் பங்க் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அதே ஊரில் பேட் பிரெய்ன்ஸ் இருந்தார்கள். நான்கு கறுப்பினக் கலைஞர்கள், ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துக்கொண்டிருந்துவிட்டுப் பங்க்குக்கு வந்தவர்கள். கை தேர்ந்த வாத்தியக்காரர்கள் பங்க்கை அதுவரை யாரும் வாசிக்காத வேகத்தில் வாசித்தால் எப்படி இருக்கும் என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். ஹார்ட்கோரின் வேகத்துக்கு ஓர் ஊற்றுக்கண் அங்கே இருக்கிறது. இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஹார்ட்கோர் என்றதும் மொட்டைத்தலை வெள்ளைப் பையன்களின் படம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது, அந்தப் பையன்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்பது மறந்துபோகிறது.

இயன், பள்ளி நண்பர் ஜெஃப் நெல்சன், இன்னும் இருவர் சேர்ந்து டீன் ஐடில்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். இயனுக்கு பேஸ் கிட்டார், ஜெஃப்புக்கு டிரம்ஸ். இங்கேதான் வாசல் பிரச்சினை வருகிறது. ராக் கச்சேரி நடக்கிற கிளப் பிழைப்பது மதுவை விற்று. வாஷிங்டனில் அப்போது பீரும் வைனும் குடிக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள பையனை உள்ளே விட்டால் கிளப்காரருக்கு வருமானமும் இல்லை, உரிமத்துக்கும் ஆபத்து. ஆகவே வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இசையைக் கேட்பதற்கும் மதுவைக் குடிப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் வியாபாரம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தது. பதினாறு வயதில்தான் இசை ஒருவரை அதிகம் ஆட்டிவைக்கும். அந்த வயதில் வாசலில் நிறுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

1980 கோடையில் டீன் ஐடில்ஸ் பையன்கள் பஸ் பிடித்து நாட்டின் மறுகோடிக்கு, கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மபுஹாய் கார்டன்ஸ் என்ற இடத்தில் அவர்களை உள்ளே விட்டார்கள், ஆனால் கையின் மேல் பெரிதாக ஓர் எக்ஸ் குறி போட்டுவிட்டுத்தான். அந்தக் குறி இருந்தால் மது தர மாட்டார்கள், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியதும் எஃப் தெருவில் அந்த ஆண்டுதான் திறந்திருந்த 9:30 கிளப்பில் போய் இதையே கேட்டார்கள். எங்கள் கையில் குறி போட்டுக்கொள்கிறோம், நாங்கள் குடிப்பதைப் பார்த்தால் வெளியே அனுப்பிவிடுங்கள், இசையைக் கேட்க மட்டும் உள்ளே விடுங்கள் என்றார்கள். கிளப் ஒத்துக்கொண்டது. அந்த எக்ஸ் பின்னால் ஓர் இயக்கத்தின் கொடி மாதிரி ஆகி, உடம்பில் பச்சை குத்திக்கொள்கிற அளவுக்குப் போய்விட்டது. ஆனால் தொடக்கத்தில் அது விரதச் சின்னமே இல்லை. உள்ளே போக ஓர் அனுமதிச் சீட்டு.

டீன் ஐடில்ஸ் அந்த ஆண்டு நவம்பரிலேயே கலைந்தது. கச்சேரிகளில் கிடைத்த பணத்தை அவர்கள் தங்களுக்குள் பங்கு போடாமல் ஒரு பெட்டியில் சேர்த்துவைத்திருந்தார்கள், ஏறக்குறைய 600 டாலர். அதைப் பிரித்துக்கொண்டு அவரவர் வழியில் போயிருக்கலாம். அவர்கள் அதை ஓர் இசைத்தட்டாக மாற்ற முடிவு செய்தார்கள். எந்தக் கம்பெனியும் கலைந்துபோன பள்ளிப் பிள்ளைகளின் குழுவுக்குத் தட்டு போடாது, அதனால் கம்பெனியையும் அவர்களே தொடங்கினார்கள். டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். முதல் வெளியீடு 1980 டிசம்பரில், ஏழு அங்குலத் தட்டு, எட்டுப் பாட்டு, ஆயிரம் பிரதிகள். அதன் உறையில் எக்ஸ் குறி போட்ட இரண்டு கைகள்.

உறை என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அச்சகத்தில் உறையை வெட்டி, மடித்து, ஒட்டித் தரச் சொன்னால் செலவு அதிகம். என்ன செய்தார்கள் என்றால், இங்கிலாந்தில் வெளியான ஒரு தட்டின் உறையைப் பிரித்து, அதன் வடிவத்தை அப்படியே வரைந்துகொண்டு, தங்கள் உறையைத் தாளில் அச்சடித்து வாங்கிவந்து, வீட்டில் அப்பளம் இடுகிற மாதிரி கூட்டமாக உட்கார்ந்து கத்தரியும் பசையுமாக ஒவ்வொன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த தட்டுகளுக்கும் இதே வேலை. நண்பர்கள் வருவார்கள், உட்காருவார்கள், ஒட்டுவார்கள். இந்தக் காட்சி எனக்கு அவர்களுடைய எந்தக் கச்சேரியையும்விட முக்கியமானதாகத் தெரிகிறது. ஓர் இசைத்தட்டு எப்படி உருவாகிறது என்பது வரை தெரிந்துகொண்ட ஒரு கூட்டம் இனி யாருடைய வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் மைனர் திரெட். பேஸ் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு இயன் பாட வந்தார், டிரம்ஸ் ஜெஃப், கிட்டார் லைல் பிரெஸ்லர், பேஸ் பிரையன் பேக்கர். பிரையனுக்கு அப்போது வயது 15. முதல் கச்சேரி 1980 டிசம்பர் 17. அடுத்த ஆண்டு ஏப்ரலில், வாஷிங்டனை ஒட்டியிருக்கும் ஆர்லிங்டனில் டான் ஜியன்டாரா தன் வீட்டு நிலவறையில் நடத்திவந்த இன்னர் இயர் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். கோடையில் தட்டு வெளிவந்தது. எட்டுப் பாட்டு, எல்லாம் சேர்த்தே பத்து நிமிடத்துக்குக் குறைவு. உறையில் இயனின் தம்பி அலெக், மொட்டைத்தலையைக் கைகளில் கவிழ்த்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்தைப் பின்னால் எத்தனையோ பேர் நகலெடுத்தார்கள்.

அந்தத் தட்டைக் கேட்டிராதவர்கள் வேகமும் கத்தலும் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கலாம். வேகம் உண்டு, ஆனால் அது தறிகெட்ட வேகம் இல்லை. லைல் ஆறு தந்திகளையும் சேர்த்து முழு கார்டு, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பிடி, பிடித்து அந்த வேகத்திலும் சுத்தமாக வாசிப்பார், ஜெஃப்பின் டிரம்ஸ் ஓர் இடத்தில்கூடத் தடுமாறாது, நான்கு பேரும் ஒரே நொடியில் நிறுத்தி ஒரே நொடியில் திரும்பத் தொடங்குவார்கள். இயனின் குரலில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். அந்த வகை இசையில் அது அரிது. பாட்டுகள் அரசியல் தலைவர்களைப் பற்றி இல்லை. பக்கத்தில் நிற்கிற நண்பனைப் பற்றி, நீ ஏன் இப்படி ஆனாய் என்று அவனிடமே முகத்துக்கு நேராகக் கேட்கிற மாதிரி.

‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ பாட்டு 46 நொடி. நானும் உன்னைப் போல ஒருவன்தான், ஆனால் போதையில் கிடப்பதைவிட எனக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது என்று சொல்கிற பாட்டு. 1970களின் ராக் உலகத்தில் போதை என்பது கலகத்தின் அடையாளம். அதற்கே எதிராக ஒரு 19 வயதுப் பையன் கலகம் செய்தது அந்தக் காலத்தில் எவ்வளவு விசித்திரமாக இருந்திருக்கும்! அது பரவியது. பாஸ்டன் குழுக்கள் எடுத்துக்கொண்டன, பத்தாண்டின் நடுவில் நியூயார்க்கில் யூத் ஆஃப் டுடே போன்றவர்கள் அதைப் பெரிய இயக்கமாகவே ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அது நல்லது செய்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1990களில் சால்ட் லேக் சிட்டி போன்ற ஊர்களில் குடிக்கிறவனை அடிக்கிற கும்பல்களும் இதே எக்ஸ் குறியோடு திரிந்தன. உள்ளே போவதற்கு வாங்கிய அனுமதிச் சீட்டை வைத்து அடுத்தவனை வெளியே தள்ளினார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இந்த ஆபத்து குழுவுக்குள்ளேயே முன்னால் தெரிந்திருந்தது. ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ என்ற பாட்டில் குடிக்காதே, புகைக்காதே என்று கட்டளை போலவே ஒலிக்கிற வரிகள் உண்டு. ஜெஃப்புக்கு அது உறுத்தியது. ‘நான்’ என்ற எழுவாய் இல்லாமல் பாடினால் கேட்கிறவர்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொள்வார்கள் என்று வாதாடினார். கடைசியில் அச்சிட்ட வரிகளில் அடைப்புக்குறிக்குள் அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். 1983இல் அதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்தபோது, இது விதிமுறைப் பட்டியல் இல்லை, உன்னை இதைச் செய் என்று நான் சொல்லவில்லை என்று இயன் நடுவில் பேசவும் செய்தார். பாட்டுக்கு நடுவே நின்று தன் பாட்டுக்கு விளக்கம் சொல்வது அழகான வேலை இல்லைதான். ஆனால் அதைச் செய்ய மனசு வேண்டும்.

இன்னொரு பாட்டைப் பற்றியும் சொல்லாமல் போகக் கூடாது. ‘கில்ட்டி ஆஃப் பீயிங் வொயிட்’. இயன் படித்த பள்ளியில் வெள்ளை மாணவர்கள் சிறுபான்மை. வரலாற்றில் நடந்த அடிமை முறைக்காகத் தன் தோலைக் காட்டித் தன்னைக் குற்றவாளி ஆக்கினார்கள் என்ற பள்ளிக்கூட அனுபவத்தை வைத்து எழுதியது. நிறத்தை வைத்து மனிதரை எடை போடுவதற்கு எதிரான பாட்டு என்று அவர் தொடர்ந்து சொல்லிவருகிறார், அவர் நோக்கத்தை நான் நம்புகிறேன். ஆனால் பாட்டு தோற்றுவிட்டது என்பதுதான் என் கருத்து. நூற்றாண்டுக் கணக்கான கொடுமையின் எதிரே ஒரு பள்ளிப் பையனின் காயத்தை வைத்துவிட்டு ஒரு நிமிடம் சொச்சத்தில் இறங்கிப் போய்விட முடியாது. 1996இல் ஸ்லேயர் குழு இதைத் திரும்பப் பாடியபோது கடைசியில் ஒரு சொல்லை மாற்றிப் பாட்டின் திசையையே திருப்பிவிட்டது. இயன் அதை வெறுத்தார். இருந்தாலும் அப்படித் திருப்ப இடம் கொடுத்தது பாட்டுதானே. 1980இல் வாஷிங்டன் மக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் கறுப்பின மக்கள், அந்த ஊர் ஹார்ட்கோருக்கு வேகம் கொடுத்ததே கறுப்பினக் குழு, ஆனால் ஹார்ட்கோர் கச்சேரிக்கு வந்த கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர். இந்த முரண் அந்தக் குழுவோடு கடைசிவரை வந்தது.

குழுவின் மற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981 இலையுதிர் காலத்தில் லைல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார், குழு கலைந்தது. ‘இன் மை ஐஸ்’ என்ற இரண்டாவது தட்டு அந்த ஆண்டுக் கடைசியில் வந்தபோது குழுவே இல்லை. லைலுக்குப் படிப்பு பிடிக்கவில்லை, பேட் பிரெய்ன்ஸ் பாடகர் எச்.ஆர். திரும்பச் சேருங்கள் என்று ஊக்கம் கொடுத்தார், 1982 வசந்தத்தில் சேர்ந்தார்கள். காசுக்காகத் திரும்ப வந்தார்கள் என்று ஊரிலேயே பேச்சு எழுந்தது, அதற்குப் பதிலாக ஒரு பாட்டே எழுதினார்கள். பிறகு ஸ்டீவ் ஹான்ஸ்கன் பேஸ் வாசிக்க வந்தார், பிரையன் இரண்டாவது கிட்டாருக்கு மாறினார். 1983இல் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ என்ற பெயரிலேயே பெரிய தட்டு வெளிவந்தது. உறையில் சிந்தியா கானலி வரைந்த படம், வெள்ளை ஆடுகளின் மந்தையை விட்டு எதிர்ப்பக்கம் துள்ளி ஓடும் ஒரு கறுப்பு ஆடு.

டிஸ்கார்டுக்கு அப்போது அலுவலகம் எது? ஆர்லிங்டனில் அவர்கள் வாடகைக்கு எடுத்துக் கூட்டமாகக் குடியிருந்த வீடு. அங்கேயே ஒத்திகை, அங்கேயே கடிதங்களுக்குப் பதில், அங்கேயே தட்டுகளைக் கட்டி அஞ்சலில் அனுப்பும் வேலை. குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக மிஞ்சியதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது, அவ்வளவுதான் முறை. வாஷிங்டன் வட்டாரக் குழுக்களின் இசையை மட்டுமே வெளியிடுவது என்பதையும் கடைப்பிடித்தார்கள். பெரிய தட்டு நன்றாக விற்றதே சிக்கலானது. விற்பனையாளர்களிடமிருந்து பணம் வரத் தாமதம், அடுத்த பதிப்பு போடக் கையில் காசு இல்லை. அப்போது லண்டனில் சதர்ன் ஸ்டுடியோ நடத்திய ஜான் லோடர் தட்டு அச்சடிக்கும் செலவைத் தான் முன்கூட்டி ஏற்றுக்கொண்டார். இங்கிலாந்தின் பங்க் குழுவான கிராஸோடு வேலை செய்தவர் அவர். இப்படி ஒருவர் கை கொடுத்திருக்காவிட்டால் டிஸ்கார்ட் அங்கேயே நின்றிருக்கும். நாங்களே செய்தோம் என்று பெருமையாகச் சொல்லும்போது இந்தக் கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிளவு இசையில்தான் வந்தது. லைலுக்கும் பிரையனுக்கும் அயர்லாந்தின் யூ2 ராக் குழு மாதிரி விரிந்த இசை பிடித்துப்போனது. இயனுக்கு அந்தப் பக்கம் போக மனசில்லை. கடைசிக் கச்சேரி 1983 செப்டம்பர் 23, முன்பு பெரிய பல்பொருள் கடையாக இருந்த லான்ஸ்பர்க் கட்டடத்தில். உடன் வாசித்தவர்கள் யார் என்று பாருங்கள். டெக்சாஸிலிருந்து பிக் பாய்ஸ், அப்புறம் டிரபிள் ஃபங்க். டிரபிள் ஃபங்க் வாசித்தது கோ-கோ, வாஷிங்டன் கறுப்பின மக்களின் சொந்த நடன இசை. ஒரே ஊரில் தனித்தனியாக வளர்ந்த இரண்டு கூட்டங்களும் அன்றைக்கு ஒரே கூரையின் கீழ் நின்றன. அது ஓர் இரவுதான், பிளவை அது ஒன்றும் ஆற்றிவிடவில்லை. ஆனால் குழுவை முடிக்கிற இரவில் இதைச் செய்தார்கள் என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

குழு முடிந்த பிறகு டிசம்பரில் ‘சாலட் டேஸ்’ பாட்டைப் பதிவு செய்தார்கள், அது 1985இல்தான் வெளிவந்தது. அதற்குள் வாஷிங்டன் கச்சேரிகள் மாறிப்போயிருந்தன. வெளியூர் முரடர்கள் வந்து அடிதடி, மேடை முன்னால் முட்டி மோதி ஆடுகிற இடத்தில் பலசாலிகளின் ஆட்சி. இதில் முதலில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள் பெண்கள். உறைக்குப் படம் வரைந்தவர்களும், புகைப்படம் எடுத்தவர்களும், உறை ஒட்டியவர்களும், கச்சேரி ஏற்பாடு செய்தவர்களுமாகப் பெண்கள் முதல் நாளிலிருந்தே இருந்தார்கள், ஆனால் மேடைக்கு முன்னால் இடம் இல்லை. வயது என்ற வாசலைத் திறந்தவர்கள் இந்த வாசலைக் கவனிக்கவில்லை. மைனர் திரெட் மேல் எனக்குள்ள பெரிய குறை இது. 1985 கோடையில் அதே நண்பர் கூட்டம் ‘புரட்சிக் கோடை’ என்று பெயர் வைத்து, அடிதடிக்கு எதிராகப் புதுக் குழுக்களைத் தொடங்கியது. 1991இல் பங்க் உலகப் பெண்களின் இயக்கமான ரயட் கேர்ல் கூட்டங்கள் அதே வட்டாரத்தில் நடந்தபோதுதான் பெண்கள் தங்களுக்கான இடத்தைத் தாங்களே கேட்டு எடுத்துக்கொண்டார்கள்.

இயன் பிறகு ஃபுகாசி என்ற குழுவைத் தொடங்கினார், அதன் முதல் கச்சேரி 1987இல். ஐந்து டாலர் நுழைவுக் கட்டணம், எல்லா வயதினருக்கும் அனுமதி, டி-ஷர்ட் வியாபாரம் கிடையாது. பெரிய குழுவான பிறகும் அதை விடவில்லை. பிரையன் பின்னாளில் பேட் ரிலிஜன் குழுவில் சேர்ந்தார். லைல் சட்டம் படித்தார். ஜெஃப் இயனோடு சேர்ந்து டிஸ்கார்டை நடத்தினார், அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. 2005இல் நைக்கி நிறுவனம் தன் ஸ்கேட்போர்டு விளம்பரத்துக்கு அந்தப் படிக்கட்டு உறையை அப்படியே நகலெடுத்து ‘மேஜர் திரெட்’ என்று பெயர் போட்டது. கண்டனம் எழுந்தது, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 1989இல் முழுத் தொகுப்பு வந்தது, 26 பாட்டு, 47 நிமிடம். பதிவான வரிசையிலேயே கேளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எதுவும் பிடிபடாமல் போகலாம், பரவாயில்லை, நிறுத்தாதீர்கள். ‘இன் மை ஐஸ்’ வரும் இடத்தில் மெதுவாகத் தொடங்கிச் சட்டென்று வெடிக்கிற இடத்தைக் கவனியுங்கள். கடைசியில் ‘சாலட் டேஸ்’ வரும்போது மணி ஓசை கேட்கும், அக்கூஸ்டிக் கிட்டார்கூட உண்டு. முதல் பாட்டுக்கும் அதற்கும் நடுவே உள்ள மூன்று ஆண்டுகள் அப்போது காதுக்கே தெரியும்.

இப்போது அந்தத் தொகுப்பின் முதல் பாட்டு, ‘ஃபில்லர்’, இங்கே போடப் போகிறேன். ஒன்றரை நிமிடம்தான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். முடிந்ததும் கேள்விகளுக்கு வருவோம், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.